வாளித் தண்ணீரில் எள்ளளவு வண்டுகள்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கை ஒட்டிய சமூகத் தோட்டத்தில் நீர்ச்செடிகள் வளரும் அகன்ற தொட்டி ஒன்று இருக்கிறது. தேங்கிய நீரில் கொசு பெருகிவிடும் என்பதால் வாரந்தோறும் அதை வாளியால் இறைத்துக் கழுவும் பொறுப்பு என்னுடையது. சென்ற மழைக்குப் பிந்திய சனிக்கிழமை இறைத்த வாளியின் அடியில் செம்பழுப்பு நிறத்தில் ஆறு புள்ளிகள் கிடந்தன. ஏதோ விதை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவற்றில் ஒன்று சட்டென மேலெழுந்து, பின்பக்கத்தை நீர்ப்பரப்பில் ஒரு கணம் ஒற்றி எடுத்துவிட்டு, மீண்டும் அடியில் போய் ஒளிந்துகொண்டது.

கூட இருந்த அண்ணன் கொசுப்புழு என்றே சாதித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கொசுப்புழுவும் வால்நுனியிலுள்ள குழாயை நீர்ப்பரப்பில் வைத்துத்தான் சுவாசிக்கிறது. ஆனால் அது உடலை நெளித்து நெளித்து நீந்தும். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தபோது இவை நெளியவே இல்லை. பின்கால்களைத் துடுப்பாக வீசி நீந்தின. முன்னிறக்கைகளுக்கு அடியில் காற்றைச் சேமித்துக்கொண்டு மூழ்கும் நீர்வண்டுகள் இவை.

உருப்பெருக்கிக் கண்ணாடியில், முட்டை வடிவ உடலின் பின்முனை கூராக முடிவது தெரிந்தது. படத்தைப் பார்த்த பூச்சியியல் நண்பர், அந்தக் கூர்முனையைக் கொண்டே ஹைட்ரோவாட்டஸ் பேரினம் என்றார். 1853இல் ரஷ்யப் பூச்சியியலாளர் மோட்சுல்ஸ்கி பெயரிட்ட அப்பேரினத்தில் 200க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. பெரும்பாலானவை வெப்பமண்டலத்தவை, சில மில்லிமீட்டர் நீளமே கொண்டவை. எந்தச் சிற்றினம் என்று அறிய ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் ஆராய வேண்டுமாம். அதற்காக ஓர் உயிரைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை, பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆறு எதுவும் அருகில் இல்லாத இடத்திற்கு இவை எப்படி வந்தன என்ற கேள்விக்கு விடை எளிது: பறந்து வந்திருக்கின்றன. நீர்வண்டுகள் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் தன்மையைக் கொண்டு குளம் குட்டைகளைக் கண்டுகொள்கின்றன. பளபளக்கும் கார்க் கூரைகூட அவற்றை ஏமாற்றிவிடுமாம். கார் நிறுத்துமிடத்தில் ஓரிரு முறை உலர்ந்து கிடந்த வண்டுகளைக் கண்டு வியந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தொட்டியைக் கழுவி நிரப்பியபின் தேநீர் வடிகட்டியால் ஆறையும் அள்ளித் திரும்ப அதிலேயே விட்டேன். மறுவாரம் இறைத்தபோது நான்குதான் இருந்தன.