மைலுக்கு 60 சென்ட், இரவு லைன்ஹால்: திங்கள்கிழமை கையெழுத்துப் போடலாமா?

காவேரிப்பட்டினம், இப்போது பிராம்ப்டன்

அண்ணன்மார்களுக்கு வணக்கம். கனடா வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஊரில் பதினோரு வருடம் பெங்களூர்–சேலம், கிருஷ்ணகிரி–சென்னை என்று லாரி ஓட்டியவன். இங்கே டிரெய்லர் லாரி ஓட்டத் தேவையான ஏஇசட் உரிமமும் எடுத்துவிட்டேன். ஒரு கம்பெனியில் இரவு லைன்ஹால் வேலைக்கு, அதாவது இரண்டு ஊர்களுக்கு நடுவே டிரெய்லர் இழுக்கும் வேலைக்கு, அழைக்கிறார்கள். மைலுக்கு 60 சென்ட். இங்கிருந்து கிங்ஸ்டன் வரை போய், மான்ட்ரியலிலிருந்து வரும் டிரைவருடன் டிரெய்லரை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பவேண்டும். திங்கள்கிழமை கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். உரிமத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது, ஊரில் அம்மாவுக்கு மருந்துச் செலவு. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. இந்தச் சம்பளம் நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில் சொன்னால் போதும்.

பாலக்கோடு, இப்போது வின்னிபெக்

தம்பி, சம்பளம் கிடக்கட்டும், முதலில் குளிரைப் பற்றி யோசியுங்கள். என் முதல் ஜனவரியில், மைனஸ் முப்பதில், டிரெய்லரை இழுத்தால் பின் சக்கரங்கள் சுழலவில்லை. பனியில் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தன. பிரேக் உறைந்துவிட்டிருக்கிறது. அடியில் படுத்துச் சுத்தியலால் டிரம்மைத் தட்டினேன். நாலாவது சக்கரத்துக்கு வரும்போது விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கையுறையைக் கழற்றிப் பார்த்தால் நுனியெல்லாம் வெள்ளை. அன்றைக்கு அழுதேன். நல்ல பூட்ஸும் இரண்டு ஜோடி கையுறையும் வாங்காமல் எந்த வேலைக்கும் போகாதீர்கள்.

அரூர், இப்போது மெல்போர்ன்

கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நானும் இந்த வேலைதான் செய்கிறேன். சிட்னியிலிருந்து வருகிறவரும் நானும் பாதிவழியில் டார்கட்டாவில் டிரெய்லரை மாற்றிக்கொள்வோம். காலையில் சொந்தக் கட்டிலில் தூங்குகிறேன். நெடுந்தூரம் போகிறவர்கள் வாரக்கணக்கில் கேபினிலேயே கிடக்கிறார்கள். தினமும் பிள்ளை முகம் பார்க்கிற வேலைக்கு நிகர் எது?

ஊத்தங்கரை, இப்போது ஹாமில்டன்

பிள்ளை முகம் பார்க்கலாம், பிள்ளை பள்ளிக்கூடம் போனபிறகு. நான் மூன்று வருடம் இரவில் ஓட்டி, பகல் தூக்கம் பிடிக்காமல், இரத்தக்கொதிப்பு வந்து, அந்த வேலையையே விட்டவன். மைல் கணக்கில் சம்பளம் தருகிற இடத்துக்கே போகாதே தம்பி. மணிக்கணக்குச் சம்பளம் மட்டும் பார்.

அரூர், இப்போது மெல்போர்ன்

எல்லோருக்கும் அப்படி இல்லை அண்ணா. பழகிவிட்டால் இரவுச் சாலைதான் நிம்மதி.

பென்னாகரம், இப்போது ஸ்கார்பரோ

வேலையை விடுங்கள், வாடகையைச் சொல்லுங்கள். அடித்தளத்தில் ஓர் அறை, அதற்குக் கொடுக்கிற பணத்தில் தருமபுரியில் ஒரு வீட்டை ஒரு வருடத்துக்கு எடுக்கலாம். ஊரில் கேட்கிறவர்களுக்கு நாம் டாலரில் குளிக்கிறோம் என்ற நினைப்பு. போன வாரம் மாமா பேசினார், காரிமங்கலத்தில் இடம் வருகிறதாம், பாதிப் பணம் நான் போடவேண்டுமாம். களி கிண்ட ராகி மாவு தேடி மூன்று கடை அலைந்தேன், அது அவருக்குத் தெரியுமா?

பாலக்கோடு, இப்போது வின்னிபெக்

ராகி இங்கே குஜராத்திக் கடையில் கிடைக்கிறது, நாச்னி என்று கேளுங்கள். ஆனால் நம்மூர் மணம் இல்லை. மாம்பழக் காலத்தில் ஊருக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது.

ஓசூர், இப்போது மிசிசாகா

நான் ஒரு லாரி கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். தம்பி கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லத் தேவையானதைத் தம்பியும் எழுதவில்லை. உங்கள் வேலை அனுமதி திறந்ததா, ஒரே முதலாளியோடு கட்டியதா? டி4 (தொழிலாளிக்கு முதலாளி தரும் வருடச் சம்பள, வரிச் சான்று) தருவார்களா, உங்கள் பெயரில் கம்பெனி பதியச் சொல்கிறார்களா? கிங்ஸ்டனில் காத்திருக்கும் நேரத்துக்குப் பணம் உண்டா? பயிற்சிச் செலவு என்று ஏதாவது பிடிப்பார்களா?

60 சென்ட் என்பதை இப்படிப் பாருங்கள். போகவர ஏறத்தாழ 360 மைல், 216 டாலர். கிளம்புமுன் வண்டியைச் சுற்றிச் சோதித்துப் பார்க்க அரை மணி, ஓட்ட ஆறரை மணி, எதிர் டிரைவர் வரும்வரை ஒன்றரை மணி, டிரெய்லர் கழற்றி மாட்ட ஒரு மணி, யார்டில் காகித வேலை அரை மணி. மொத்தம் பத்து மணி நேரம். மணிக்கு 21 டாலர் 60 சென்ட்தான் வருகிறது. பனி கொட்டி 401 நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டால் இன்னும் குறையும். காசு இல்லாமல் காத்திருந்த நேரமும் வேலை நேரம்தான். ஒரு நாளைக்கு 13 மணி ஓட்டலாம், மொத்த வேலை 14 மணியைத் தாண்டக்கூடாது என்ற வரம்பில் அதுவும் கழிந்துகொண்டே இருக்கும்.

காவேரிப்பட்டினம், இப்போது பிராம்ப்டன்

அக்கா, மனைவி படிக்கிறாள், எனக்குத் திறந்த அனுமதி. கம்பெனி பதியத்தான் சொன்னார்கள். வரி பிடிக்காமல் முழுப் பணமும் கைக்கு வரும் என்றார்கள், அதனால் நல்லது என்று நினைத்து எழுதவில்லை. ஒரு வருடத்துக்குள் விலகினால் 4,000 டாலர் பயிற்சிச் செலவு கட்டவேண்டும் என்றும் தாளில் இருக்கிறது.

ஓசூர், இப்போது மிசிசாகா

முதலில் எழுதவேண்டியதே அதுதான் தம்பி. தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதே ஆபத்தான மிச்சம்தான். வண்டி அவர்களுடையது, வழி அவர்களுடையது, நேரமும் அவர்கள் சொல்வது. அப்படி இருக்க உங்களைக் கம்பெனி என்று எழுதினால், ஓய்வூதியத்துக்கு முதலாளி கட்டவேண்டிய பங்கு உங்கள் தலையில் விழும். வேலையிழப்புக் காப்பீடு இல்லை, விடுமுறைச் சம்பளம் இல்லை. வருட முடிவில் வரிக் கடிதம் உங்களுக்குத்தான் வரும்.

மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்துக்கும் லாரி விடும் கம்பெனி என்றால் மத்திய அரசின் தொழிலாளர் சட்டம் பொருந்தும். தொழிலாளியை ஒப்பந்தக்காரர் என்று காட்டுவதை அந்தச் சட்டம் 2021 முதல் தடை செய்கிறது. தொழிலாளியாகச் சேர்ந்தால் 4 சதவீத விடுமுறைச் சம்பளம் உண்டு. மாதம் ஒன்றாகச் சேர்ந்து வருடத்துக்கு 10 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. நெடுஞ்சாலை டிரைவருக்கு வாரம் 60 மணிக்கு மேல் ஓவர்டைம். பல், மருந்துக் காப்பீடு சட்டத்தில் வராது; அதை நீங்கள்தான் கேட்டு, எந்த மாதத்திலிருந்து என்று எழுதி வாங்கவேண்டும். அந்த 4,000 டாலர் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த சம்மதத்தை வைத்துத்தான் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

ஊத்தங்கரை, இப்போது ஹாமில்டன்

என்னை ஒரு கம்பெனி இப்படித்தான் வைத்திருந்தது. தோள் விலகி ஆறு வாரம் வீட்டில் கிடந்தேன், ஒரு சென்ட் வரவில்லை. வெட்கப்பட்டு இதுவரை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். தம்பி, இரவு வேலையா பகல் வேலையா என்பது அப்புறம். டி4 இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்.

காவேரிப்பட்டினம், இப்போது பிராம்ப்டன்

இன்று காலை அவர்களிடம் பேசினேன். டி4 கேட்டதும் குரல் மாறிவிட்டது. காத்திருப்புக்குப் பணம் உண்டா என்றதற்கு, வந்து பேசலாம் என்று வைத்துவிட்டார்கள். நான் திங்கள்கிழமை கையெழுத்துப் போடப் போகப்போவதில்லை. வேறொரு யார்டில் மணிக்கு 27 டாலர், டி4, மாலை ஷிப்ட். வியாழக்கிழமை ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை கிடங்கில் வாரக்கூலி வேலை பார்க்கிறேன்.

ஓசூர், இப்போது மிசிசாகா

அதே பத்து மணிக்கு 270 டாலர். போகும்போது மாகாண அரசின் சேவை மையமான சர்வீஸ் ஒன்டாரியோவிலிருந்து மூன்று வருட ஓட்டுநர் பதிவுத் தாளை எடுத்துச் செல்லுங்கள். ஊர் முதலாளியிடம் பதினோரு வருட அனுபவக் கடிதத்தை லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில் வாங்கிவிடுங்கள். இன்றிரவே போன் செய்தால் அங்கே காலை. வண்டியைச் சுற்றிப் பார்க்கும்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் அதைத்தான் முதலில் கவனிப்பார்.