எம்.பி. எழுத்தில் கேட்ட கேள்வி, அமைச்சர் எழுத்தில் தந்த பதில்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டெல்லியில் வேலை பார்த்தவன்

நாடாளுமன்றக் கேள்வி என்றால் டிவியில் காட்டும் கேள்வி நேரம்தான் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலில் வரும். அமைச்சர் எழுந்து பதில் சொல்லி, உறுப்பினர் துணைக் கேள்வி கேட்டு, ஐந்தாறு கேள்வி முடிவதற்குள் மணி 12 ஆகிவிடும். அதே நாளில் இன்னும் 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்து அவையில் வைக்கப்படுகிறது. மாநிலங்களவையில் அது 160. யாரும் எழுந்து பேசாத இந்தப் பதில்களில்தான் சரக்கு இருக்கிறது என்பது என் வாதம்.

தமிழக எம்.பி. ஒருவரின் டெல்லி அலுவலகத்தில் சில வருடங்கள் இருந்தேன். கேள்வி தயாரிப்பதுதான் முக்கிய வேலை. தொகுதியிலிருந்து மனுக்கள் வந்து குவியும். நார்த் அவென்யூ வீட்டு முன்னறையில் அவற்றைப் பிரித்து, எது எந்த அமைச்சகம் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து அடுக்குவோம். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் என்பதால் அந்த அடுக்கு முக்கியம். நான் இருந்தபோது மக்களவையில் தொழிலாளர் துறைக்குத் திங்கள், ரயில்வேக்குப் புதன், சுகாதாரத்துக்கு வெள்ளி. முழுதாக 15 நாள் முன்னதாக நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். ஒரு உறுப்பினர் பெயரில் ஒரு நாளுக்கு ஐந்து கேள்விக்கு மேல் ஏற்க மாட்டார்கள். அதுவும் குலுக்கலில் இடம் கிடைத்தால்.

மனுவில் இருக்கும் கோபத்தை அப்படியே அனுப்ப முடியாது. கேள்வி 150 சொல்லுக்குள் அடங்க வேண்டும். வாதம், யூகம், கிண்டல், பழிச்சொல் எதுவும் கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொடக் கூடாது. "ஏழைகளை வஞ்சிக்கும் அரசு எப்போது கண் திறக்கும்?" என்று வந்த மனு, "(அ) விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், (ஆ) நிராகரிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், (இ) அதற்கான காரணங்கள் என்ன" என்று மாறித்தான் வெளியே போகும். மனு எழுதியவருக்கு அது தன் கேள்வியாகவே தெரியாது. ஆனால் அந்த (ஆ)வுக்கு ஒரு எண் வந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் "அப்படியெல்லாம் இல்லையே" என்று உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. அமைச்சர் கையெழுத்தோடு அவையில் வைக்கப்பட்ட தாள் அது.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பதிலோடு உறவு ஏற்பட்டிருக்கிறதா? கேட்டு வாங்கியிருக்கலாம், அதை வைத்துப் போராடியிருக்கலாம், ஏமாந்தும் போயிருக்கலாம். எழுதுங்கள்.

போடிக்காரன்

மதுரை – போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் 31 உடன் நின்றது. 90 கிலோமீட்டர் பாதை. அகலப்பாதை போட்டுத் திரும்பி வரும் என்றார்கள். தேனி வரைக்கும் ரயில் வந்தது 2022 மே மாதம். எங்கள் ஊருக்கு வந்தது 2023 ஜூன் 15. நடுவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலைப் பார்க்காமலே பள்ளிக்கூடம் முடித்தார்கள். நான் ஏலக்காய் வியாபாரத்தில் இருப்பவன். அத்தனை வருடமும் மதுரைக்கு பஸ்தான்.

பயணிகள் சங்கத்தில் ஒருவர், ரயில்வே அமைச்சகத்தின் எழுத்துப் பதில்களை எல்லாம் பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டு வைத்திருந்தார். அதைப் புரட்டியபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. "பணி எப்போது முடியும்?" என்று கேட்ட இடங்களில் எல்லாம் ஏறத்தாழ ஒரே பதில்: ரயில் திட்டம் முடிவது நில எடுப்பு, வன அனுமதி, நிதி, மண்ணின் தன்மை என்று பலவற்றைப் பொறுத்தது, அதனால் காலக்கெடு சொல்ல இயலாது. "இதுவரை செலவு எவ்வளவு, இந்த ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு?" என்று கேட்ட இடத்தில் கணக்கு வந்திருந்தது. ஆரம்ப வருடங்களில் ஒதுக்கியது சொற்பம் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்தது.

ஒரு கூட்டத்தில், பெயர் வேண்டாம், ஒரு அதிகாரி "பணமெல்லாம் பிரச்சினையே இல்லை, ஒப்பந்தக்காரர்தான் தாமதம்" என்றார். சங்கத்துக்காரர் எழுந்து அந்தப் பதிலை அப்படியே வாசித்தார். அதிகாரி தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கேள்வி எண்ணையும் தேதியையும் தன் டைரியில் எழுதிக்கொண்டார். ரயில் உடனே வந்துவிடவில்லை. ஆனால் அன்றைக்கு எங்களிடம் அவர் பேசிய தொனி மாறியது. சாதாரண ஜனங்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

கோவை மில் தொழிலாளி (ஓய்வு)

நான் இபிஎஸ்-95, அதாவது பி.எஃப். பிடித்த தொழிலாளர்களுக்கான 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவன். பஞ்சாலையில் ரிங் பிரேமில் நின்றே காலம் போனது. எங்கள் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். அன்றைக்கும் 1,000, இன்றைக்கும் 1,000. அதை 7,500 ஆக்கச் சொல்லி நாடு முழுக்கக் கேட்கிறோம். வடக்கிலும் தெற்கிலும் எல்லாக் கட்சி எம்.பி.க்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு நான் நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும்.

பதில்தான் மாறுவதில்லை. பேரன் செல்போனில் எடுத்து, ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்பேன். முதலாளி பங்காகச் சம்பளத்தில் 8.33 சதவீதம், மத்திய அரசின் பங்கு 1.16 சதவீதம், அதுவும் 15,000 ரூபாய் சம்பளம் வரைக்கும்தான், இதிலிருந்துதான் ஓய்வூதியம் தரப்படுகிறது. 2019 மார்ச் 31 நிலவரப்படி கணக்கிட்டதில் நிதியில் பற்றாக்குறை. ஆனாலும் அரசு பட்ஜெட் உதவி தந்து 1,000 ரூபாயை உறுதி செய்கிறது. அவ்வளவுதான். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒன்று சொல்கிறேன். இந்தப் பதிலைப் படிப்பதற்கு முன்னால் "கவர்மெண்டு எங்கள் பணத்தை வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறது" என்று மட்டும்தான் பேசத் தெரியும். இப்போது 1.16 எங்கே வருகிறது, 15,000 வரம்பை ஏற்றினால் என்ன ஆகும் என்று சங்கக் கூட்டத்தில் நாங்களே விவாதிக்கிறோம். ஆனால் மாத்திரை வாங்கவே காணாத பணத்தை வைத்துக்கொண்டு எத்தனை காலத்துக்குப் படித்துக்கொண்டே இருப்பது? அந்த ஆதங்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? டெல்லியில் இருந்தவர் சொல்லட்டும்.

பாம்பன் விசைப்படகு

எங்கள் ஆட்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும் ஒவ்வொரு தடவையும் அடுத்த கூட்டத்தொடரில் கேள்வி வரும். மீனவர் பாதுகாப்புக்கும் நலனுக்கும் அரசு மிக உயர்ந்த முன்னுரிமை தருகிறது என்று பதில் ஆரம்பிக்கும். கச்சத்தீவைப் பற்றிக் கேட்டால் 1974, 1976 ஒப்பந்தம், தீவு எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், விஷயம் உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. படித்துப் படித்து அலுத்துவிட்டது.

எங்களுக்கு உதவியது வேறு. ஆட்கள் எத்தனை பேர் விடுதலை என்பதோடு, படகு எத்தனை பிடிபட்டது, எத்தனை திரும்பியது என்றும் கேட்கத் தொடங்கிய பிறகுதான் படகின் கதை வெளியே தெரிந்தது. ஆள் திரும்பிவிடுவான். 2018இல் அங்கே சட்டத்தைத் திருத்தி அபராதத்தை ஏற்றிய பிறகு படகு திரும்புவது குதிரைக்கொம்பு. கடனில் கட்டின படகு போனால் குடும்பமே போச்சு. நிவாரணம் கேட்டுப் போகும்போது அந்தப் பதிலின் நகல் எங்கள் மனுவோடு பின் பண்ணியிருக்கும்.

மதுரை, தோப்பூர் பக்கம்

எய்ம்ஸ் பற்றி நான் நீட்டி எழுத வேண்டியதில்லை. 2015 பட்ஜெட்டில் அறிவிப்பு, 2018 டிசம்பரில் 1,264 கோடிக்கு ஒப்புதல், 2019 ஜனவரி 27 அடிக்கல். பிறகு நீண்ட காலம் சுற்றுச்சுவர்தான். திட்டச் செலவு 1,977.80 கோடியாக ஏறியது, அதில் 1,627.70 கோடி ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவின் கடன், ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 மார்ச்: இத்தனை விவரமும் எங்கள் ஊர்க்காரர்கள் நாக்கு நுனியில் இருக்கிறதென்றால் அதற்கு எம்.பி.க்கள் விடாமல் எழுதிக் கேட்டது ஒரு முக்கியக் காரணம். மாணவர்கள் 2022இல் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். "மதுரை எய்ம்ஸ்" என்ற பெயரில் ராமநாதபுரத்தில் வகுப்பு. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

சென்னை வழக்கறிஞர்

துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களுக்காக வழக்கு நடத்துகிறேன். இந்த இழையில் நான் பதிய விரும்புவது ஒன்றுதான்: எந்தச் சட்டச் சொல்லை வைத்துக் கேட்கிறோமோ, அந்தச் சொல்லுக்குள் அடங்குவதை மட்டும்தான் அமைச்சகம் எண்ணித் தரும்.

2021 மழைக்காலக் கூட்டத்தொடரில், மனிதக் கழிவை மனிதரே அள்ளும் வேலையால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படி ஒரு மரணமும் பதிவாகவில்லை என்று மாநிலங்களவையில் பதில் வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் போய் நின்ற துக்க வீடுகள் எல்லாம் என்ன? அதே கூட்டத்தொடரில் இன்னொரு பதில்: கழிவுநீர்க் குழாய்களையும் கழிவுத்தொட்டிகளையும் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் 941 பேர். மாநிலங்களில் தமிழ்நாடுதான் முதலிடம். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் தனித்தனியாக வரையறுத்திருப்பதால் ஒரே அமைச்சகத்தால் சுழியத்தையும் 941ஐயும் ஒரே மாதிரி நிதானத்தோடு சொல்ல முடிந்தது. தொட்டிக்குள் இறங்கியவனுக்கு அந்த வரையறை தெரியுமா?

அதற்குப் பிறகு யாராவது கேள்வி தயாரிக்க உதவி கேட்டால் நான் முதலில் சட்டப் பிரிவைத்தான் எடுத்து வைக்கிறேன். இழப்பீட்டையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறேன். 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 1993 முதல் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. "இழப்பீடு வழங்கப்பட்டதா?" என்று கேட்டால் "ஆம்" என்று முடித்துவிடுவார்கள். முழுத் தொகை பெற்ற குடும்பங்கள், பாதி பெற்றவை, எதுவும் பெறாதவை, மாநிலவாரியாக, ஆண்டுவாரியாக என்று பிரித்துக் கேட்க வேண்டும். அப்படி வந்த ஒரு அட்டவணையை நான் மனுவோடு இணைப்பாகத் தாக்கல் செய்தேன். எதிர்த்தரப்பு அந்த எண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பழைய பேப்பர் படிப்பவர்

கேள்வியால் அமைச்சர் பதவியே போன கதை நம் ஊர்க்காரருடையதுதான். எல்ஐசி பணத்தைத் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் போட்டது 1957இல் நாடாளுமன்றக் கேள்வியில்தான் முதலில் தலைகாட்டியது. எம்.பி. பெரோஸ் காந்தி டிசம்பரில் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நீதிபதி சாக்ளாவின் ஆணையம் விசாரித்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி விலகினார். கேள்வியை விலைக்கு விற்றவர்களும் உண்டு. 2005 டிசம்பரில் பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதற்காக இரு அவைகளிலும் சேர்த்து 11 பேரை வெளியேற்றினார்கள். மக்கள் தந்த உரிமையை விற்றவர்களுக்கு அது குறைந்த தண்டனை என்றே நினைக்கிறேன்.

டெல்லியில் வேலை பார்த்தவன்

எல்லாவற்றையும் படித்தேன். வழக்கறிஞர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2020 செப்டம்பர் 14, ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்ற கேள்விக்குத் தொழிலாளர் அமைச்சகம் தந்த பதில்: அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படவில்லை, எனவே இழப்பீடு பற்றிய கேள்வியே எழவில்லை. நாடு கொந்தளித்தது. எண் கிடைக்காத பதிலும் வெளியே வர வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய சாட்சி அதுதான். கேட்காமல் இருந்திருந்தால் கணக்கு எடுக்கவே இல்லை என்பது எழுத்தில் பதிவாகியிருக்காது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்றோ "பரிசீலனையில் உள்ளது" என்றோ பதில் வந்தால் சோர்ந்து போகாதீர்கள். அது அரசின் உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். தாமதமானால் உறுதிமொழிக் குழு அமைச்சகத்தைக் கேட்கும். மக்களவையில் அந்தக் குழு 1953 முதல் இருக்கிறது. அதனால் அதிகாரிகள் இந்த வாக்கியங்கள் பதிலில் வராமல் பார்த்துக்கொள்ளப் பாடுபடுவார்கள். வந்துவிட்டால் உங்கள் எம்.பி.யிடம் போய், அந்தக் கேள்வி எண்ணைச் சொல்லி, உறுதிமொழி நிறைவேறியதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

கோவை ஐயா, உங்கள் ஆதங்கத்துக்கு என்னிடம் முழு மருந்து இல்லை. ஆனால் 7,500 ஆக உயர்த்துவீர்களா என்று கேட்கும்வரை அந்த மனப்பாடப் பதில்தான் வரும். வேறு மாதிரி கேட்டுப் பார்க்கலாம். சங்கத்தில் வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்:

(அ) இபிஎஸ்-95 திட்டத்தில் மாதம் 1,500 ரூபாய்க்குக் குறைவாக ஓய்வூதியம் பெறுவோர் எத்தனை பேர், மாநிலவாரியாக; (ஆ) அவர்களில் 70 வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர்; (இ) 1,000 ரூபாயை உறுதி செய்வதற்காகக் கடந்த ஐந்து ஆண்டுகளில் அரசு தந்த பட்ஜெட் உதவி, ஆண்டுவாரியாக; (ஈ) குறைந்தபட்சத் தொகையை 2,000, 3,000, 7,500 ஆக்கினால் ஆகும் கூடுதல் செலவு மதிப்பிடப்பட்டுள்ளதா, ஆம் எனில் அதன் விவரம்.

(ஈ)யை "மதிப்பிடப்பட்டுள்ளதா" என்றே வையுங்கள். "மதிப்பிடுவீர்களா" என்று போட்டால் நழுவிவிடுவார்கள். எம்.பி. அலுவலகத்தில் கொடுக்கும்போது கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு போகாதீர்கள். தேதி அறிவித்ததுமே போங்கள். அந்தத் தொடரில் தொழிலாளர் துறையின் நாள் எது என்று கேட்டு, அதிலிருந்து 15 நாளைப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

கோவை மில் தொழிலாளி (ஓய்வு)

எழுதிக்கொண்டேன் தம்பி. (ஆ)வில் விதவை ஓய்வூதியக்காரர்களையும் தனியாகக் கேட்கலாமா? எங்கள் சங்கத்தில் அவர்கள்தான் அதிகம்.

டெல்லியில் வேலை பார்த்தவன்

கட்டாயம் சேருங்கள் ஐயா. 150 சொல்லுக்குள் இடம் இருக்கிறது.