பஸ் வீடு: இறக்கத்தில் கியர்பாக்ஸ் கொதிக்கிறது, அவசரம்

சக்கரவீடு:
வணக்கம். பழைய பஸ்ஸை வீடாக மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மலை இறங்கும்போது கியர்பாக்ஸ் வெப்ப முள் 130-ஐத் தாண்டுகிறது. கருகிய வாடையும் வருகிறது. நாளைக் காலை இன்னொரு நீண்ட இறக்கம் இருக்கிறது. என்ன செய்யலாம்? விரைவாகச் சொல்லுங்கள்.

டிப்ஸ்டிக்:
எந்த கியர்பாக்ஸ்? ரிடார்டர் (இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் துணை பிரேக்) உண்டா? எந்த கியரில் இறங்குகிறீர்கள்? சென்சார் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது? எஞ்சின் வெப்பமும் சேர்ந்து ஏறுகிறதா? 130 என்பது செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா? ஃபாரன்ஹீட் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள், அது 54 டிகிரி செல்சியஸ்தான்.

எண்ணெய்ப்பித்தன்:
ஆயில்தான் காரணம், வேறொன்றுமில்லை. பழைய டெக்ஸ்ரான்-3 கியர்பாக்ஸ் ஆயில் கிடந்தால் வடித்துவிட்டு சிந்தெடிக் ஊற்றுங்கள். அளவுக்கு மேல் ஊற்றிவிடாதீர்கள். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைத்த ஆயில் இன்னும் சூடாகும்.

இரட்டைக்கூலர்:
தனியாக ஒரு பெரிய ஆயில் கூலரை மின்விசிறியோடு மாட்டுங்கள். எல்லாப் பிரச்சினையும் தீரும்.

எண்ணெய்ப்பித்தன்:
ஆயில் கெட்டிருந்தால் எத்தனை கூலர் மாட்டினாலும் வீண்.

இரட்டைக்கூலர்:
வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் எத்தனை முறை ஆயில் மாற்றினாலும் வீண்.

பழைய டீசல்:
தம்பி, கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "சூடாகிறது" என்றால் என்ன சொல்வது? எடை சொல்லவில்லை, சரிவு சொல்லவில்லை, வேகம் சொல்லவில்லை. நானே வைத்துக்கொள்கிறேன். 11 டன் பஸ், 7 சதவீதச் சரிவு, மணிக்கு 40 கிலோமீட்டர். இறங்கும்போது புவியீர்ப்பு கொடுக்கும் சக்தி ஏறக்குறைய 84 கிலோவாட். டயர் உராய்வும் காற்றுத் தடையும் ஒரு பங்கைத் தின்றாலும் 70-க்கு மேல் மிஞ்சும். அது எஞ்சினுக்குள்ளோ, பிரேக் டிரம்முக்குள்ளோ, கியர்பாக்ஸ் ஆயிலுக்குள்ளோ போய்த்தான் ஆகவேண்டும். நான்காவது இடம் கிடையாது. வேகத்தை 20 ஆக்கினால் 84 என்பது 42 ஆகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மலைக்குப் பஸ்ஸை எடுத்துச் செல்கிறவர்களை என்னவென்று சொல்ல!

சக்கரவீடு:
மன்னிக்கவும், வழியில் இருக்கிறேன். ஆலிசன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 4 கியர். செல்சியஸ்தான். ரிடார்டர் இல்லை. முன்பு வைத்திருந்தவர் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினை இழுத்துப் பிடிப்பது) போட்டிருக்கிறார். இறக்கம் முழுவதும் அதை அழுத்தி, லீவரை டிரைவிலேயே விட்டுவிடுகிறேன். எஞ்சின் முள் ஏறுவதே இல்லை, 75-ல் கிடக்கிறது.

டிப்ஸ்டிக்:
இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. பழைய 4 கியர் ஆலிசன் என்றால் ஏடி 545 ஆக இருக்கலாம், எம்டி 643 ஆகவும் இருக்கலாம். முதலாவதில் லாக்கப், அதாவது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் இரு பக்கங்களையும் ஒன்றாகப் பூட்டும் கிளட்ச், கிடையாது. இரண்டாவதில் உண்டு. சமதரையில் நான்காம் கியரில் சீராகப் போகும்போது ஆக்ஸிலேட்டரைச் சற்றே தளர்த்தி மீண்டும் அழுத்திப் பாருங்கள். வண்டி வேகம் மாறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் ஆடினால் லாக்கப் இல்லை என்று பொருள்.

லாக்கப் இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் பிரேக்தான் குற்றவாளி. இறக்கத்தில் சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. அந்த விசை டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஆயில் வழியாகத்தான் கடந்து வரவேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் எஞ்சினை இழுத்துப் பிடிக்கப் பிடிக்க, கன்வெர்ட்டரின் இரு பக்கங்களுக்கும் இடையே வேக வித்தியாசம் கூடுகிறது. அந்த வித்தியாசம் முழுவதும் ஆயிலில் வெப்பமாகிறது. ஏடி 545-க்கு எக்ஸாஸ்ட் பிரேக் பரிந்துரைக்கப்படாததற்குக் காரணம் இதுதான்.

எஞ்சின் 75-ல் கிடப்பதையும் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டீசல் எரியாததால் எஞ்சின் குளிர்கிறது, தெர்மோஸ்டாட் மூடிக்கொள்கிறது, ரேடியேட்டருக்குள் கூலன்ட் ஓட்டம் குறைகிறது. உங்கள் ஆயில் கூலர் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் இருந்தால், தேங்கிய நீரில்தான் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. இரட்டைக்கூலர் சொல்லும் தனிக் கூலருக்கு இந்த இடத்தில் நியாயம் உண்டு. ஆனால் நாளைக் காலைக்குள் அதை மாட்ட முடியாது.

நாளைக்குச் செய்ய வேண்டியது: எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தொடாதீர்கள். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து லீவரை 2-க்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றும், கூலன்ட் ஓட்டம் கூடும். ஆனால் ஆர்பிஎம் எல்லையைத் தாண்ட விடக்கூடாது. தாண்டினால் இந்த கியர்பாக்ஸ் உங்களைக் கேட்காமலேயே மேல் கியருக்கு மாறக்கூடும். அந்த இடத்தில் கால் பிரேக்தான் துணை. முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் 1,200 முதல் 1,500 ஆர்பிஎம்மில் ஓடவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் முள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கூலரிலோ குழாயிலோ அடைப்பு.

சென்சார் இடம் இன்னும் சொல்லவில்லை. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருந்தால் 121 டிகிரிதான் எல்லை, 130 ஆபத்து. கூலருக்குப் போகும் குழாயில் இருந்தால் 149 வரை சிறிது நேரம் தாங்கும்.

மலைக்காற்று:
எதற்கு இவ்வளவு பாடு? நியூட்ரலில் போட்டு இறங்கினால் கியர்பாக்ஸுக்கு ஓய்வு, டீசலும் மிச்சம்.

நான்காம்கியர்:
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். மேலே சொன்ன 70 கிலோவாட்டும் பிரேக் டிரம்மின் தலையில் விழும். டீசலும் மிச்சமாகாது. கியரில் இறங்கும்போது சக்கரமே எஞ்சினைச் சுற்றுவதால் டீசல் வரத்து நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் செலவாகும்.

பழைய டீசல்:
அது சரி. ஆனால் கால் பிரேக்கை லேசாக, தொடர்ந்து பிடித்தபடி இறங்குவதுதான் நிதானம். அழுத்தி அழுத்தி விடுவது புதியவர்கள் பழக்கம்.

நான்காம்கியர்:
இல்லை ஐயா. காற்று பிரேக்கில் குறைந்த அழுத்தத்தில் எல்லாச் சக்கரமும் சமமாகப் பிடிக்காது. ஒன்றிரண்டு டிரம்களே முழுச் சுமையையும் வாங்கிக் காய்ந்துபோகும். பாதுகாப்பான வேகத்தைத் தொட்டதும் அழுத்தமாகப் பிடித்து, 8 கிலோமீட்டர் குறைத்து, முழுமையாக விட்டுவிட வேண்டும். அமெரிக்காவின் கனரக வாகன ஓட்டுநர் கையேடும் இதைத்தான் சொல்கிறது.

பழைய டீசல்:
கையேடு பிரேக் பிடிக்காது, கால்தான் பிடிக்கும். மொத்த வெப்பம் இரண்டு முறையிலும் ஒன்றுதானே?

நான்காம்கியர்:
மொத்தம் ஒன்றுதான். அதை எத்தனை டிரம்கள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதுதான் கேள்வி.

பழைய டீசல்:
நீங்கள் பிறப்பதற்கு முன்பே நான் மலையில் கனரக வண்டி ஓட்டியவன்.

டிப்ஸ்டிக்:
அவர் பஸ்ஸில் இருப்பது காற்று பிரேக்கா, ஹைட்ராலிக்கா என்பதே இன்னும் தெரியாது. வாடை ஆயில் வாடையா, பிரேக் லைனிங் வாடையா என்பதும் தெரியாது. சக்கரவீடு, இருக்கிறீர்களா?

சக்கரவீடு:
இறங்கிவிட்டேன். 2-ல் வைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் போடாமல் வந்தேன். முள் 110-ஐத் தாண்டவில்லை. சென்சார் கூலருக்குப் போகும் குழாயில் இருக்கிறது. லாக்கப் இல்லை. நன்றி.

எண்ணெய்ப்பித்தன்:
ஆயில் என்ன நிறம்?

தகரக்கூடு:
பேச்சின் நடுவே என் கேள்வியோடு புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் எம்டி 643 இருக்கிறது. நானும் எக்ஸாஸ்ட் பிரேக்கைக் கழற்றிவிட வேண்டுமா?

டிப்ஸ்டிக்:
வேண்டாம். லாக்கப் பிடித்திருக்கும்வரை கன்வெர்ட்டரில் நழுவல் இல்லை, எக்ஸாஸ்ட் பிரேக்கின் வேலை நேராக எஞ்சினுக்குப் போகும். வேகம் மிகக் குறைந்தால் லாக்கப் விட்டுவிடும், அப்போது நீங்களும் அவர் நிலைக்கு வந்துவிடுவீர்கள். ஆர்பிஎம் முள்ளையும் வேக முள்ளையும் சேர்த்துப் பாருங்கள், விட்ட கணம் தெரியும். தெரிந்ததும் எக்ஸாஸ்ட் பிரேக்கை அணைத்துவிட்டுக் கால் பிரேக்குக்கு வாருங்கள்.