வெட்டிவேர் நாற்று கிடைக்குமா? நடும் பக்குவமும் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் எங்களுக்குச் சரிவான ஒரு துண்டு நிலம் இருக்கிறது. செம்மண். இந்த ஆனி மழையில் மேல்வரப்பு இடிந்து வாழை மூட்டில் வந்து கிடந்தது. கல் கட்ட வசதியில்லை, அதனால் வெட்டிவேர்தான். வேர் பத்தடி வரை நேராக இறங்கும், பக்கவாட்டில் அதிகம் பரவாது, வாழைக்கும் தொந்தரவில்லை.

போன வருடம் ஒரு நர்சரியில் 50 நாற்று வாங்கி, இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, அரை அடிக்கு ஒன்றாக நட்டேன். 12 தான் பிழைத்தது. மீதியை இழுத்தால் அடித்தண்டு கறுத்துக் கையோடு வந்துவிட்டது. ரப்பர் மர நிழல்தான் காரணமோ? வெயில் விரும்பும் புல்லாயிற்றே. பிழைத்ததெல்லாம் நிழல் விழாத ஓரத்தில்தான் நிற்கிறது.

வரும் ஐப்பசி மழையில் நடலாமா, இல்லை அடுத்த ஆனி வரை காத்திருப்பதா? நேரே மண்ணில் வைப்பதா, கவரில் வேர் பிடிக்கவிட்டு வைப்பதா? மார்த்தாண்டம், தக்கலை பக்கம் யாரிடமாவது 200 நாற்று இருந்தால் சொல்லுங்கள், வண்டியோடு வருகிறேன்.

அப்புறம், விற்பதற்கு வேர் எடுக்கும் எண்ணமில்லை. தோண்டினால் வரப்பு மறுபடி போய்விடும். அம்மாவுக்கு மட்டும் தண்ணீர்ப் பானையில் போட ஒரு கைப்பிடி வேண்டுமாம்.