மலைத்தேன் கேன் உப்பிப் போனதைப் பார்த்தவர்கள் உண்டா?

தாளவாடிப் பக்கம்:
கொட்டகையில் அடுக்கியிருந்த 35 லிட்டர் கேன்களில் மூன்று மட்டும் வயிறு உப்பி நின்றன. மூடியைத் திருகினதும் ‘புஸ்’ஸென்று நுரை பொங்கி கையெல்லாம் வழிந்தது. புளித்த மாவு வாசம். எல்லாமே பாறைத்தேன், மே மாதம் இறக்கினது, ஒரே கொட்டகை. தேனின் ஈரத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் பார்த்தால் உப்பினவற்றில் ஈரம் 25 சதவீதம், மற்றதில் 20, 21. உப்பின மூன்றும் மழை பெய்த மறுநாள் வெட்டின அடை. காரணம் மழைதானே?

கோத்தகிரி மலைச்சரிவு:
மழையை மட்டும் சொல்லாதீங்க அண்ணே. ஒரு பதியில் (பழங்குடி ஊரில்) அடையை முழுசாகப் பிழிவதைப் பார்த்தேன். விரலிடுக்கில் தேனோடு நசுங்கின தேனீப் புழுவின் வெள்ளைப் பாலும் சேர்ந்து வழிந்தது. அதிலிருக்கும் தண்ணீரும் மகரந்தமும் போதும், எத்தனை வெயில் காலத்தில் இறக்கினாலும் தேன் புளித்துவிடும். பாறைத்தேன் அடையில் தேன் இருப்பது மேலே, பாறையை ஒட்டின தடித்த பகுதியில். அதற்குக் கீழே மகரந்தம், அதற்கும் கீழே புழு. தேன் தலையை மட்டும் வெட்டி, புழு அடையை அப்படியே விடணும். தேன் அறைகளில் முக்கால்வாசியாவது மெழுகு மூடியிருக்கணும். மூடாத அறையில் இருப்பது தேனீக்கள் இன்னும் வற்ற வைக்காத தேன். பிழியவும் கூடாது. கத்தியால் மூடியைச் சீவி, நைலான் வலைமேல் கவிழ்த்து, எவர்சில்வர் வாளியில் தானாகச் சொட்ட விடுங்க. ரெண்டு மூணு நாள் தெளிய வைத்து, மேலே மிதக்கும் நுரையையும் மெழுகுத் துணுக்கையும் வழித்தெடுங்க. தகர வாளி ஆகாது, தேனின் புளிப்பு துத்தநாகத்தை அரிக்கும்.

சந்தை ரோடு:
இவ்வளவு எதுக்கு? அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டால் ஈரம் போய்விடும். பல ஊரில் அப்படித்தான் செய்கிறார்கள்.

கோத்தகிரி மலைச்சரிவு:
செய்கிறார்கள், அதனால்தான் லேப் சோதனையில் தேன் தோற்குது. கொதிக்க விட்ட தேன் கறுத்துப்போகும், எச்.எம்.எஃப் ஏறும், அதாவது சூட்டில் சர்க்கரை சிதைந்து உண்டாகும் பொருள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி அது கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒன்றைக் குறைக்கப் போய் இன்னொன்றை ஏற்றிவிடாதீங்க. வாயகன்ற பாத்திரத்தில் தேனை ஊற்றி, அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, தேன் 45 டிகிரிக்கு மேல் போகாமல் கிளறணும். அதுவும் காற்று உலர்ந்த நாளில்தான். மழைக்காலத்தில் திறந்து வைத்தால் தேன் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அப்போ ஈரம் உறிஞ்சும் மெஷின் போட்ட மூடின அறைதான் வழி.

ஆசனூர் அடுப்படி:
எனக்கு மனசில் நிற்பது வேற. சந்தையில் ஒருத்தர் தம்ளர் தண்ணியில் ஒரு சொட்டு விட்டார். அது கரைஞ்சு கலங்கினதும், “சர்க்கரைப் பாகு” என்று எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போனார். பாட்டிலைப் பிடிச்சிருந்த அக்கா வாயே திறக்கலை. பாறையில் கயிற்றில் தொங்கி, மேலே மச்சான் கயிற்றைப் பிடிக்க இறக்கின தேன் அது. சொட்டுச் சோதனையில் தெரிவது கெட்டி மட்டும்தான். காய்ச்சின கெட்டிப் பாகு அதில் சுலபமாக ஜெயிக்கும், காட்டுத்தேன் தோற்கும்.

யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். தேன் சொட்டின சக்கையைத் தூக்கிப் போடாதீங்க. தண்ணியில் அலசி, எவர்சில்வர் அண்டாவில் தண்ணியோடு சேர்த்து, கொதிக்க விடாமல் உருக்குங்க. மெழுகு 60 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே உருகிடும். நேரடித் தீயில் வைத்தால் கருகும், இரும்புச் சட்டியில் நிறம் மாறும். துணியில் வடிகட்டி ஆற விட்டால் மேலே வில்லையாக உறையும். அடியில் ஒட்டின அழுக்கைச் சுரண்டி, இன்னொரு தடவை உருக்கணும். தோல் வெடிப்புக்குப் போடும் தைலத்துக்கு மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் நாலு பங்கு, எடைக் கணக்கில். கோடையில் டப்பாவுக்குள்ளேயே இளகினால் எண்ணெயை மூணு பங்காக்குங்க.

வனத்துறை செக்போஸ்டில் மறிச்சால் கேனை விட்டுட்டு வந்துடாதீங்க. 2006 வன உரிமைச் சட்டத்தில் தேனும் மெழுகும் சிறு வன மகசூல் என்று பேர் சொல்லியே இருக்கு, காட்டில் வாழ்கிற நமக்கு விற்கிற உரிமையும் இருக்கு. 2012 விதித் திருத்தத்துக்குப் பிறகு கொண்டுபோகும் பர்மிட்டைக் கொடுப்பது கிராம சபையின் கமிட்டிதான். தீர்மான நகல் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

தாளவாடிப் பக்கம்:
அந்த மூன்று கேனும் பிழிந்த தேன்தான், விசாரித்துவிட்டேன். மழையும் சேர்ந்துகொண்டது. புளித்ததை விற்பனையிலிருந்து எடுத்தாச்சு. அக்கா, அந்தத் தைலத்தில் வேப்பெண்ணெய் சேர்த்தால் எத்தனை பங்கு?