விண்வெளிப் பளிங்கும் 0.2% ஜெல்லும்

நானுஓயாக்காரன்: "நல்ல புரதப் பளிங்கு பூமியில் வளராது, விண்வெளிக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதை வாசித்ததும் எரிச்சலாகிவிட்டது. புரதத்தின் கட்டமைப்பை எக்ஸ்-கதிரால் அறியத்தான் பளிங்கு வேண்டும். கரைசலில் வளரும் பளிங்கு சுற்றியுள்ள புரதத்தை இழுக்கும். அங்கே ஐதாகும் கரைசல் மேலெழும், செறிவான கரைசல் வந்து முட்டும். ஈர்ப்பால் வரும் இந்த மேற்காவுகையும், பளிங்குகள் அடியில் படிவதும்தான் அவற்றின் ஒழுங்குக்குக் கெடுதல். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸில் செய்த 0.2% ஜெல் இரண்டையும் நிறுத்திவிடும். பிறகெதற்கு ரொக்கெட்?

கொட்டகலை மேகம்: எழுதியது நான்தான் அண்ணே. 1983இல் ஸ்பேஸ்லாப்-1 என்ற விண்வெளி ஆய்வுகூடத்தில் லிட்கே, ஜோன் என்ற ஆய்வாளர்கள் வளர்த்த லைசோசைம் (முட்டை வெள்ளைக்கருப் புரதம்) படிகம் தரையில் வளர்ந்ததைவிட 27 மடங்கு பெரிது, பீட்டா-கலக்டோசிடேஸ் என்ற நொதியின் படிகம் 1000 மடங்கு. இதற்கு என்ன பதில்?

நானுஓயாக்காரன்: 27 மடங்கு கனவளவு என்றால் பக்கத்துக்கு 3 மடங்கு, அவ்வளவுதான். ஜெல்லோடு ஒப்பிட்டார்களா?

பதுளை வாசகன்: முதலில் "படிகம்" என்பதை விடுங்கள். நம் பாடப்புத்தகத்தில் பளிங்கு.

கொட்டகலை மேகம்: சொல்லைத் திருத்த மட்டும் ஓடி வருவீர்கள். போன மாதம் தாங்கற் கரைசல் பற்றிக் கேட்டபோது எங்கே போனீர்கள்?

கண்டி 2000: மர்க் நிறுவனம் கீட்ரூடா என்ற புற்றுநோய் மருந்தின் பளிங்குகளைச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வளர்த்து 2019இல் வெளியிட்டதைப் பாருங்கள். அங்கே எல்லாம் 39 மைக்ரோமீட்டர் அளவில் சீராக வந்தன. தரையில் 13, 102 என்று இரண்டு கூட்டம்.

நானுஓயாக்காரன்: அது ஊசி மருந்துக்கான தொங்கல், அதாவது திரவத்தில் மிதக்கும் நுண்துகள்கள். கட்டமைப்பு ஆய்வுக்குத் தேவை உள் ஒழுங்கு. நிலையமும் அசையாத இடமில்லை: வீரர்கள் உடற்பயிற்சி செய்தாலும் கலம் வந்து இணைந்தாலும் அதிரும். தொங்கும் ஒரு துளிக்குள் பளிங்கு வளர்க்கும் தொங்கு துளி முறை என்றால், துளியின் மேற்பரப்பிழுவை இடத்துக்கிடம் வேறுபடுவதே கரைசலை ஓடச் செய்யும்; அதுதான் மரங்கோனி ஓட்டம். ஈர்ப்பு இல்லாவிட்டாலும் அது நிற்காது. ஜெல்லில் நிற்கும். தாழ்வெப்பத்தில் உறையும் அகரோஸை 90 பாகையில் கரைத்து, 37க்கு ஆறவிட்டு, pH 4.5 அசற்றேற்றுத் தாங்கலில் உள்ள லைசோசைமைக் கலந்து நுண்குழாயில் ஏற்றுங்கள். உறைந்தபின் ஒரு முனையிலிருந்து உப்புக் கரைசல் பரவட்டும். சூடாகவே புரதத்தை ஊற்றினால் திரைந்துவிடும்.

கொட்டகலை மேகம்: ஜெல் நார் படிகத்துக்குள் சிக்குமே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?

பதுளை வாசகன்: பளிங்கு!

நானுஓயாக்காரன்: மறைக்கவில்லை. சிக்கும். சிக்கினாலும் லைசோசைமின் எக்ஸ்-கதிர்ப் புள்ளிகள் கெடுவதில்லை. ஜெல்லோடு ஒப்பிட்டார்களா என்று கேட்டேன், பதிலைக் காணோம்.

கண்டி 2000: நுவரெலியாக் குளிரில் உங்கள் ஜெல்லும் தோற்கும். லைசோசைம் குளிரில் கரைதிறன் குறையும் புரதம். 20 பாகைக்குக் கணக்கிட்ட 5% உப்பு, இரவு 10 பாகையில் பொடிமழையாகக் கொட்டும்.

நானுஓயாக்காரன்: உப்பைக் குறையுங்கள், ரிஜிபோம் பெட்டிக்குள் தண்ணீர்ப் போத்தல்களோடு வையுங்கள். வெப்பநிலை தாவாது. விண்கலத்திலும் வெப்பநிலையைக் காக்கத்தானே வேண்டும்? ஒப்பீடு எங்கே?

கொட்டகலை மேகம்: 1000 மடங்குக்கு நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை அண்ணே.

நானுஓயாக்காரன்: பக்கத்துக்கு 10 மடங்கு. ஜெல்லோடு ஒப்பிட்டார்களா?