வீடு மாறக்குள்ள சாமான் கழிச்ச ஆக்கள் வாங்க, ஒரு கேள்வி இருக்கு

ஆரையம்பதி அம்மா:
மூத்தவள்ர கலியாணம் முடிஞ்சு வீட்டை அவளுக்கு எழுதியாச்சு. நம்மட மட்டக்களப்புப் பக்கத்து வழமைதான், உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. நானும் இவரும் அதே வளவுக்குள்ள பின்னுக்குக் கட்டின சின்ன வீட்டுக்குப் போறம். ஒரு அறை, ஒரு குசினி. அதாலதான் சாமான் கழிக்கத் தொடங்கின. பழைய இரும்புக்காரத் தம்பி முத்தத்தில தராசைக் கட்டிட்டான். உடைஞ்ச பைப், மண்ணெண்ணெய் அடுப்பு, ஓட்டைக் கிடாரம் எல்லாம் போட்டாச்சு. கடைசியா என்ட அம்மாட வெத்திலை வட்டா, வெத்திலை பாக்கு வைக்கிற ஏனம். அடியில அவட பேர் வெட்டி இருக்கும், ரெண்டு எழுத்து தேஞ்சு போய். அதைத் தட்டில வைக்கக்குள்ள மகள் வாசல்ல நிண்டு கேக்கிறாள்: "அம்மா, இந்த வீட்டுச் சாமானை ஏன் என்னட்டக் கேக்காம விக்கிறீங்க?"

கோவமாக் கேக்கல்ல. சாதாரணமாத்தான் கேட்டவள். அந்தத் தம்பி தராசைப் பிடிச்சபடி என்னையும் பாக்கிறான், அவளையும் பாக்கிறான். எனக்கு வாயில ஒண்டும் வரல்ல. வீடு அவளுக்கு, சரி. வட்டா ஆருக்கு?

சாய்ந்தமருது மருமகன்:
நான் மத்தப் பக்கத்துல இருந்து சொல்றன் ராத்தா. கலியாணம் முடிச்சு மாமிட வீட்டுக்குப் போன ஆள் நான். பெரிய அறையை எங்களுக்கு ஒழிச்சுத் தந்தாங்க. அலுமாரி பெரிசு, கதவால எடுக்க ஏலாம அங்கயே விட்டுட்டாங்க. ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பொறகு கதவுல தட்டுற சத்தம். மாமி. முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, "மருமகன், குறை நினைக்காதீங்க, மேல் தட்டுல என்ட ஊசிப் பெட்டி இரிக்கும், எடுத்துத் தாறீங்களா?" அவங்க வாங்கின அலுமாரி, அவங்க இருந்த அறை. வாசல்படிக்கு வெளியில நிண்டு என்னட்டக் கேக்கிறாங்க. எடுத்துக் குடுத்தன், வேற என்ன செய்ற? சாமான் கழிக்கிறதப் பத்திக் கதைக்கிறீங்க. எங்கட பக்கம் ஆக்களையே அறை அறையாப் பின்னுக்கு அனுப்புறம்.

கல்முனையான்:
அக்கா, பதில் லேசு. உறுதிப் பத்திரத்தில காணியும் கட்டடமும்தான் எழுதுற. வட்டாவும் கிடாரமும் அதுக்குள்ள வராது. முக்குவர் சட்டம் எண்ட நம்மட பழைய சொத்துச் சட்டம் எல்லாம் இப்ப கோட்டில இல்ல, பழக்கம் மட்டும்தான் மிச்சம். அதை விடுங்க. நன்கொடை உறுதி எழுதக்குள்ள சீவிய உருத்தை உங்களுக்கு வச்சு எழுதினீங்களா? வச்சிருந்தா நீங்க இருக்கும்வரைக்கும் அந்த வீட்டுல உங்களுக்கு உரிமை இருக்கு, ஒருத்தரும் எழும்பச் சொல்ல ஏலா. இனி எழுதப் போற ஆக்கள் உறுதி எழுதுற நொத்தாரிசிட்ட இதை வாய் திறந்து கேளுங்க. எழுதின உறுதி காணிப் பதிவகத்தில பதிஞ்சிருக்கா எண்டும் பாருங்க. அம்பாறைப் பக்கம் கனக்க ஆக்களுக்கு அரசாங்கம் குடுத்த அனுமதிப்பத்திரக் காணி. அதை நேரா நொத்தாரிசிட்டப் போய் மகளுக்கு எழுத ஏலா, பிரதேச செயலகத்துக்குத்தான் போகணும், உங்களுக்குப் பிறகு காணி ஆருக்கு எண்ட பின்னுரித்தாளர் பேரும் அங்கதான் பதியணும். இன்னொண்டு: வீடு ஒதுக்கக்குள்ள பழைய சோலைவரித் துண்டு (வீட்டு வரி கட்டின துண்டு), கரண்ட் பில் எல்லாத்தையும் குப்பை எண்டு கட்டாதீங்க. எல்லைப் பிரச்சினை வந்தா இத்தனை வருசம் இருந்தம் எண்டு காட்ட அதுகள்தான் உதவும்.

என்ட கதை: மனிசி அந்தத் துண்டெல்லாத்தையும் அடுப்பு மூட்டப் பாவிச்சிட்டா.

ஆரையம்பதி அம்மா:
தம்பி, நான் உறுதியப் பத்திக் கேக்கல்ல.

களுவாஞ்சிகுடிப் பேரன்:
எங்கட வீட்டுல முதிரைக் கட்டில் ஒண்டு. புது வீட்டு வாசல் சின்னன். தச்சர் வந்து பாத்திட்டு, காலை அறுத்தாத்தான் போகும் எண்டார். அவர் வாளை எடுக்கவும் அப்பம்மா வந்து கட்டில்ல நடுவுல ஏறி, சம்மணம் போட்டு இருந்திட்டா. 1978 நவம்பர் 23, சூறாவளி அண்டு இரவு கூரை பிய்ஞ்சு போகக்குள்ள அப்பாவையும் மாமியையும் இந்தக் கட்டிலுக்குக் கீழதான் தள்ளி விட்டவவாம். "அறுக்கிறண்டா என்னையும் சேத்து அறு மனே" எண்டு தச்சருக்குச் சொல்றா. அந்த ஆள் வாளைக் கீழ வச்சிட்டு பீடி ஒண்டு பத்த வச்சார். பின்னேரத் தேத்தண்ணியும் கட்டிலுக்குத்தான் போச்சு.

இப்ப கட்டில் பழைய வீட்டுலதான் நிக்குது. வாடகைக்கு வந்த ஆக்கள் அதுல நெல்லு மூட்டை அடுக்கி இருக்காங்க. அப்பம்மா இடைக்கிடை ஆட்டோ பிடிச்சுப் போய்ப் பாத்திட்டு வந்து, மூட்டை கூடிட்டு எண்டு எங்களுக்கு ஏசுவா.

மரவேலைக்காரன்:
ஆர் அந்தத் தச்சர்? பழைய முதிரைக் கட்டிலை ஒருத்தரும் வாளால தொட மாட்டாங்க. சட்டத்தின்ட முனையைக் காலில இருக்கிற துளைக்குள்ள பூட்டி, குறுக்க மரஆணி அடிச்சிருக்கும். ஆணியை மறுபக்கத்தால தட்டி எடுத்தா நாலு காலும் தனித்தனியா வரும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், மரச்சுத்தியல், இல்லாட்டி நடுவுல பலகைத் துண்டு வச்சு அடிங்க. மாரியில செய்யாதீங்க, மரம் ஈரம் குடிச்சுப் பொருமி இறுகி இருக்கும். நல்ல வெயில் காலத்துல கழட்டுங்க. எந்தக் கால் எந்த மூலைக்கு எண்டு உள்பக்கமா அடையாளம் போடுங்க, கை வேலையில நாலு துளையும் ஒரே அளவா இருக்காது. திரும்பப் பூட்டக்குள்ள பழைய ஆணி ஆடினா புதுசு சீவுங்க. இரும்பாணி அடிச்சா வாவிக் காத்துக்குத் துருப்பிடிச்சு மரத்தையும் சேத்துத் திண்டிரும். அந்த நெல்லு மூட்டையையும் இறக்கச் சொல்லுங்க தம்பி, சட்டம் வளையும்.

திராய்மடு:
எதை வைக்கிற, எதைக் கழிக்கிற எண்டு நீங்க கதைக்கிறீங்க. நாங்க முந்தி நாவலடிக் கடற்கரை ஆக்கள். 2004 டிசம்பர் 26 கடல் எல்லாத்தையும் கழிச்சுத் தந்திட்டு. எங்கட அம்மாட்ட வட்டாவும் இல்ல, கட்டிலும் இல்ல. முகாமில தந்த நீல வாளி ஒண்டு இருக்கு, படம் அழிஞ்சு, பிடி போய்க் கயிறு கட்டினது. போன வருசம் தங்கச்சி வீட்டுக்கு மாறக்குள்ள நான் அதைக் குப்பைக்கு எடுத்து வச்சன். லொறி வெளிக்கிட்ட பிறகு பாத்தா அம்மா முன் சீட்டில, மடியில வாளி. அதுக்குள்ள எங்கட பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள். நான் ஒண்டும் கேக்கல்ல, அவவும் சொல்லல்ல.

பாலமீன்மடு:
ஒருத்தரும் பழைய டீவியப் பத்தி எழுதல்ல. அந்தக் குண்டு டீவி. இரும்புக்காரர் முதல்ல வேண்டாம் எண்டார், பிறகு சும்மா தாறண்டா எடுக்கிறன் எண்டார். சந்தோசமாக் குடுத்தம். கொஞ்ச நாள் கழிச்சு வாவிக்கரையில கண்ணா மரப் பத்தைக்குள்ள கிடக்கு. செம்புச் சுருளை மட்டும் புடுங்கி எடுத்திருக்கு, படக்குழாய் உடைஞ்சு கண்ணாடி முழுக்கத் தண்ணிக்குள்ள. என்ட மகன் ஒட்டின கிரிக்கெட் ஸ்டிக்கர் பக்கத்துல அப்பிடியே இருக்கு. அந்தக் கண்ணாடியில ஈயம் கலந்திருக்கு எண்டு தெரியுமா? ரெண்டு பாகம் தள்ளி ஒராள் இறாலுக்கு வலை வீசுறார். அண்டைக்குப் பின்னேரம் சந்தையில இறால் வாங்கப் போய், வாங்காமத் திரும்பி வந்தன். அவனவன் பிழைப்பு, இரும்புக்காரரை ஏச மனமில்ல. ஆனா அந்த ஸ்டிக்கர்.

ஊறணி:
கதையெல்லாம் வாசிச்சன், நல்லம். எங்கட வீட்டுலயும் மாறுறம், கல்லுரல் ஒண்டு நிக்குது, குழவியும் இருக்கு. காசு வேண்டாம். ஆட்டோவில ஏறாது, லான்ட் மாஸ்டர் உழவு மெசினோட ரெண்டு ஆக்கள் வாங்க. மகள்ட கேட்டாச்சு, அவளுக்கு வேண்டாமாம்.